காலாங் முழக்கமும் காலி இருக்கைகளும்

ஒரு காற்பந்து அணியின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் கோல் கணக்கையும் கிண்ணக் கணக்கையும் எழுதி அமைதி கொள்வர். எந்த ஆண்டு எந்த அணி வென்றது, யார் பந்தை வலைக்குள் செலுத்தினார் என்பனவே ஏடுகளில் நிலைபெறுகின்றன. அரங்கத்தின் படிகளில் அமர்ந்து தொண்டை வறளக் குரல் கொடுத்தவரைப் பற்றிய குறிப்பு மிகவும் அருகியே காணப்படுகின்றது. எனினும், ஓர் அணியை அணியாக நிலைநிறுத்துவோர் மூவர் என்பதை எவரும் மறுத்தற்கியலாது. ஆடுவோர் ஒரு சாரார். ஆட்டுவிக்கும் நிருவாகத்தார் மற்றொரு சாரார். ஆதரிப்போர் மூன்றாம் சாரார்.

இம்மூவருள் முதலிரு சாராரும் வந்து போகும் இயல்பினர். ஆட்டக்காரர் வயது ஏறினால் ஓய்வு பெறுவர். நிருவாகத்தார் தவணை முடிந்தால் விலகுவர். ஆதரவாளரோ தந்தையிடமிருந்து மகன், மகனிடமிருந்து பேரன் என்று வழிவழியாக நிலைத்திருப்பவர். ஆயினும் முடிவெடுக்கும் அவையில் இடமில்லாதவரும் அவரே. தோல்வியைப் பொறுத்துக்கொள்ளும் ஆதரவாளர், காரணம் விளக்கப்படாத முடிவைப் பொறுத்துக்கொள்வதில்லை என்பதற்குச் சிங்கப்பூர் அணியின் வரலாறு நல்லதொரு சான்றாகும். அதனை முறைப்பட ஆராய்தல் காற்பந்து அன்பர்க்கு மட்டுமன்றி, சங்கம் அமைத்துப் பொதுப்பணி புரியும் யாவர்க்கும் பயன் தரத்தக்கது.

கிண்ணம் பிறந்த கதை

1921ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ‘மலாயா’ என்னும் பெயருடைய பிரித்தானியப் போர்க்கப்பல் இந்நிலப்பகுதிக்கு வருகை புரிந்தது. மலாய்க் கூட்டு மாநிலங்களின் பொருட்கொடையால் கட்டப்பட்ட கப்பல் அது. இங்குத் தமக்குக் கிடைத்த வரவேற்பில் மகிழ்ந்த அதன் அதிகாரிகளும் மாலுமிகளும் காற்பந்துக்கென ஒரு கிண்ணத்தை வழங்கினர். மலாயாக் கிண்ணம் என்று பெயர்பெற்ற அதற்கான முதற் போட்டியில் சிலாங்கூரை 2–1 என்னும் கணக்கில் வென்று வாகை சூடிய அணி சிங்கப்பூரேயாகும்.

அன்று முதல் சிங்கப்பூரும் சிலாங்கூரும் எதிரெதிரே நிற்பது மரபாயிற்று. போர்க்காலத்தில் தடைப்பட்ட போட்டி 1948ஆம் ஆண்டு மீண்டும் தொடங்கிற்று. 1965ஆம் ஆண்டு சிங்கப்பூர் மலேசியாவினின்றும் பிரிந்து தனி நாடாயிற்று. நாணயம் பிரிந்தது, கடப்பிதழ் பிரிந்தது, எல்லையிற் சோதனைச் சாவடிகள் எழுந்தன. காற்பந்து மட்டும் பிரியவில்லை. 1967இல் மலேசியக் கிண்ணம் எனப் பெயர் மாறிய பின்னரும், தனிநாடான சிங்கப்பூர் அண்டை நாட்டு மாநிலங்களோடு ஒரு மாநிலம் போலவே நின்று ஆடிற்று. உலகக் காற்பந்தில் இத்தகைய ஏற்பாடு அரிதானது. அரசியலால் இரண்டுபட்ட மக்கள் ஆண்டுதோறும் உரிமையோடு சண்டையிட்டுக்கொள்ளவும், ஆட்டம் முடிந்ததும் உறவினர் வீட்டில் உணவருந்தித் திரும்பவும் அக்கிண்ணம் வழிவகுத்தது எனலாம்.

முழக்கம் எழுந்த காலம்

பிரிவினை ஆண்டான 1965இல் கிண்ணத்தை வென்ற சிங்கப்பூர், பின்னர்ப் பன்னிரண்டு ஆண்டுகள் அதனைக் காணவில்லை. இவ்விடைக்காலத்தில் 1973ஆம் ஆண்டு காலாங்கில் தேசிய விளையாட்டரங்கம் திறக்கப்பட்டது. 1929 முதல் இருந்துவந்த ஜாலான் புசார் திடலிற் கூடிய கூட்டம் ஏறத்தாழ 55,000 பேர் அமரத்தக்க இப்புதிய அரங்கிற்கு மாறிற்று. அங்கு எழுந்த ஒலியே ‘காலாங் முழக்கம்’ என்று பெயர்பெற்றது. எதிரணி ஆட்டக்காரர் ஒருவர்க்கொருவர் கூவி அழைப்பதும் கேளாத அளவுக்கு அவ்வொலி இருந்தது என்று அக்கால ஆட்டக்காரர் நினைவுகூர்வர்.

அம்முழக்கத்திற்கு அடிப்படை அமைத்தவருள் குறிப்பிடத்தக்கவர் வழக்கறிஞர் நடேசன் கணேசன். 1976 முதல் 1981 வரை சிங்கப்பூர்க் காற்பந்துச் சங்கத்தின் தலைவராக விளங்கிய இப்பெருமகனார், நிருவாகத்தாருக்கும் மக்களுக்கும் இடையே இருந்த தொலைவைக் குறைத்தார். அவர் காலத்தில் அணியைப் பயிற்றுவித்தவர், ‘அங்கிள்’ என அனைவராலும் அழைக்கப்பட்ட சூ செங் குவீ. கண்டிப்புக்கும் நாட்டுப்பற்றுக்கும் பெயர்பெற்ற அப்பயிற்றுநர் மலேசிய, இந்தோனேசிய அணிகளையும் பயிற்றுவித்த பட்டறிவுடையவர். அணித்தலைவர் சமாட் அல்லாப்பிச்சை தற்காப்பில் நின்றார். எஸ். ராஜகோபால் வளைந்து செல்லும் தனியுதைக்குப் பெயர்பெற்றிருந்தார். குவா கிம் சோங் தலையால் முட்டிக் கோல் புகுத்துவதில் வல்லவர். டொல்லா காசிமின் கால்வித்தையைக் காணவே பலர் அரங்கிற்கு வந்தனர். மலாய்க்காரரும் சீனரும் இந்தியரும் ஒரே சட்டையில் நின்ற அவ்வணியில் ஒவ்வொரு வீட்டாரும் தத்தம் பிள்ளையைக் கண்டனர்.

1977ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றில் சிங்கப்பூர் தன் சொந்த மண்ணிலேயே ஹாங்காங்கிடம் 0–1 எனத் தோற்றது. அத்தோல்வியினால் கூட்டம் கலைந்துவிடவில்லை. அவ்வாண்டு மே 28ஆம் நாள் கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் நடைபெற்ற மலேசியக் கிண்ண இறுதியாட்டத்தில், கூடுதல் நேரத்தில் குவா கிம் சோங் அடித்த கோலால் சிங்கப்பூர் பினாங்கை 3–2 என்று வென்றது. நீரிழிவு நோயுற்றிருந்த பயிற்றுநர் சூ செங் குவீ காலிற் பட்ட புண்ணையும் பொருட்படுத்தாது அணியை நடத்தினார். பின்னர் அவர் அக்காலை இழக்க நேர்ந்தது. 1983ஆம் ஆண்டு அவர் மறைந்தபோது ஒரு பயிற்றுநருக்காக நாடே வருந்தியது.

இங்கே ஒரு கணக்கைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். 1975 முதல் 1981 வரை ஏழாண்டுகள் இடைவிடாது சிங்கப்பூர் இறுதியாட்டத்தை எட்டிற்று. அவற்றுள் 1977, 1980 ஆகிய ஈராண்டுகளில் மட்டுமே வென்றது. எஞ்சிய ஐந்திலும் சிலாங்கூரிடம் தோற்றது. 1980இல் சிலாங்கூரை 2–1 என்று வீழ்த்திய ஆட்டத்தில் இருபது வயதும் நிரம்பாத ஃபாண்டி அகமது வெற்றிக் கோலை அடித்தார். ஏழு முறை சென்று ஐந்து முறை வெறுங்கையோடு திரும்பிய காலத்தையே மக்கள் பொற்காலம் என்று இன்றும் போற்றுகின்றனர். ஆதரவாளரின் உள்ளத்தைப் பிணிப்பது வெற்றியின் எண்ணிக்கை மட்டுமாயின் இவ்வாறு போற்றுவதற்கு இடமில்லை. அணி தம்முடையது என்னும் உணர்வும், அதனை நடத்துவோர் தம்மைப் போலவே அதன்பால் அன்புடையார் என்னும் நம்பிக்கையுமே அவர்களைப் பிணித்தன.

பிறர் கொடியின்கீழ் நம் ஆட்டக்காரர்

1982 முதல் 1984 வரை மூன்றாண்டுகள் சிங்கப்பூர் மலேசியக் கிண்ணப் போட்டியில் இடம்பெறவில்லை. 1985இல் மீண்டும் சேர்க்கப்பட்டபோது நிலைமை மாறியிருந்தது. மலேசிய மாநில அணிகள் சிங்கப்பூர் ஆட்டக்காரரை நல்ல ஊதியம் கொடுத்து அழைத்துக்கொண்டன. நெதர்லாந்தின் குரோனிங்கன் கழகத்தில் ஆடி, 1983இல் இத்தாலியின் இண்டர் மிலான் அணிக்கு எதிராகக் கோல் அடித்துப் புகழெய்திய ஃபாண்டி அகமது, தென்கிழக்காசியாவுக்குத் திரும்பியதும் கோலாலம்பூர் அணியில் சேர்ந்தார். அவரும் மாலேக் அவாப்பும் இருந்த அவ்வணி 1987, 1988, 1989 ஆகிய மூன்றாண்டுகளும் மலேசியக் கிண்ணத்தை வென்றது. 1992இல் பகாங் அணி லீக்கையும் கிண்ணத்தையும் ஒருங்கே வென்றபோதும் அவ்வணியில் ஃபாண்டி இருந்தார்.

தம் மண்ணில் வளர்ந்த பிள்ளைகள் பிறர் கொடியின்கீழ் வாகை சூடுவதைக் கண்ட ஆதரவாளர் மகிழ்வதா வருந்துவதா என அறியாது திகைத்தனர். ஆட்டக்காரரை அவர்கள் குறைகூறவில்லை. உழைப்புக்கேற்ற ஊதியம் நாடுவது குற்றமன்று. தாய்மண்ணில் அவர்களைத் தங்கவைக்கும் திட்டம் ஏன் வகுக்கப்படவில்லை என்பதே எழுந்த வினா. 1989இல் மலேசியாவில் பகுதித் தொழில்முறை லீக் தொடங்கியபின் இவ்வினா மேலும் கூர்மையடைந்தது. 1990ஆம் ஆண்டு இறுதியாட்டத்தில் சிங்கப்பூர் கெடாவிடம் 1–3 எனத் தோற்றது. 1992ஆம் ஆண்டின் முடிவில் இரண்டாம் பிரிவுக்கே தள்ளப்பட்டது.

பிற நாடுகளில் இரண்டாம் பிரிவுக்கு இறங்கிய அணியின் அரங்கம் வெறுமையாவதுண்டு. சிங்கப்பூரில் நிகழ்ந்ததோ அதற்கு நேர்மாறானது. ஃபாண்டி உள்ளிட்ட ஆட்டக்காரர் தாயகம் திரும்பினர். 1993இல் இரண்டாம் பிரிவில் ஆடிய அணி மக்கள் ஆதரவோடு முதற்பிரிவுக்கு உயர்ந்ததோடு, மலேசியக் கிண்ண இறுதியாட்டத்தையும் எட்டிற்று. அங்குக் கெடாவிடம் 0–2 எனத் தோற்றபோதும் ஆதரவாளர் மனந்தளரவில்லை.

இரண்டு திங்கள் இடைவெளி

1994ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் நாள் சிங்கப்பூர் ஆதரவாளர் மறக்கவொண்ணாத நாளாயிற்று. லீக்கை முன்னரே வென்றிருந்த அணி, புதிதாய்த் திறக்கப்பட்ட ஷா ஆலாம் அரங்கில் பகாங்கை எதிர்கொண்டது. கடற்பாலத்தைக் கடந்து பேருந்துகளிலும் வாகனங்களிலும் பல்லாயிரவர் வடக்கு நோக்கிச் சென்றனர். அரங்கின் பெரும்பகுதி செந்நிறமாயிற்று. டக்ளஸ் மூரின் பயிற்சியில், ஃபாண்டியின் தலைமையில் ஆடிய அணி 4–0 என வென்றது. அப்பாஸ் சாட் மூன்று கோல்களை அடித்தார். பதினான்கு ஆண்டுகளுக்குப் பின் கிண்ணம் காலாங்குக்குத் திரும்பிற்று. 1921 முதல் கணக்கிட்டால் அது சிங்கப்பூரின் இருபத்து நான்காவது வெற்றி.

இரண்டே திங்கள் கழிந்தன. 1995 பிப்ரவரியில், மலேசியப் போட்டிகளினின்றும் சிங்கப்பூர் விலகுகின்றது என்னும் செய்தி வெளியாயிற்று. நுழைவுச் சீட்டு வசூலைப் பங்கிடுவது குறித்து இரு நாட்டுச் சங்கங்களுக்கிடையே எழுந்த பிணக்கே உடனடிக் காரணமாகக் கூறப்பட்டது. லீக்கையும் கிண்ணத்தையும் வென்ற அணி, தன் வாகையைக் காத்துக்கொள்ளக் களமிறங்காமலே கலைந்தது.

நடுவுநிலையோடு ஆராயின் நிருவாகத்தார் பக்கத்திலும் நியாயங்கள் உண்டு. முதலாவது, அக்காலத்தில் மலேசிய லீக்கைச் சூதாட்டக் கும்பல்களின் கையூட்டு அரித்திருந்தது. 1994, 1995ஆம் ஆண்டுகளில் நடந்த விசாரணையின் முடிவில் ஆட்டக்காரரும் பயிற்றுநருமாக 21 பேர் நீக்கப்பட்டனர். 58 ஆட்டக்காரர் தடைசெய்யப்பட்டனர். சிங்கப்பூர் அணியைச் சூழ்ந்தும் வழக்குகள் எழுந்தன. இரண்டாவது, தனி நாடு ஒன்று தனக்கென லீக்கின்றி அண்டை நாட்டுப் போட்டியைச் சார்ந்தே இருத்தல் நெடுநாளைக்கு நன்றன்று. மூன்றாவது, ஒரே அணியில் பதினொருவர் ஆடுவதைவிடப் பல கழகங்களில் நூற்றுக்கு மேற்பட்டோர் ஆடுவது இளைஞர்க்கு வாய்ப்பளிக்கும். இவை புறக்கணிக்கத்தக்க வாதங்களல்ல.

ஆயின் ஆதரவாளரின் மனக்குறை வேறிடத்தில் இருந்தது. எழுபதாண்டுகளுக்கு மேற்பட்ட மரபொன்று முடிவுக்கு வந்தபோது அவர்களிடம் எவரும் கருத்துக் கேட்கவில்லை. வசூலைப் பற்றியே சங்கங்கள் வாதிட்டன. அவ்வசூலைக் கொடுத்தவர்கள் அவ்வாதத்தில் ஒரு சொல்லும் சொல்ல இடமில்லாதிருந்தது. எதிரியும் நண்பனுமாகிய சிலாங்கூரும் பினாங்கும் கெடாவும் ஒரே நாளில் மறைந்துபோயின. காற்பந்தில் எதிரணி என்பது வெறும் தடையன்று. அதுவே ஆட்டத்திற்குப் பொருள் தருவது. பாட்டனார் காலத்துப் பகையும் நட்பும் கலந்த போட்டியைப் புதிய அட்டவணை ஒன்றினால் ஈடுசெய்தல் எளிதன்று.

புதிய லீக், புதிய சோதனை

1996 ஏப்ரல் 14ஆம் நாள் எஸ்-லீக் என்னும் சிங்கப்பூர்த் தொழில்முறை லீக் எட்டுக் கழகங்களுடன் தொடங்கிற்று. முதலாண்டு வாகையைக் கேலாங் யுனைடெட் சூடியது. வட்டாரந்தோறும் ஒரு கழகம், கழகந்தோறும் ஒரு கூட்டம் என்பதே நோக்கம். தொடக்க ஆண்டுகளில் அந்நோக்கத்திற்கு ஆதரவும் இருந்தது.

வட்டாரப் பற்று என்பது மரம் போன்றது. அது வேரூன்ற ஆண்டுகள் வேண்டும். ஊன்றிய இடத்தினின்றும் அடிக்கடி பெயர்த்து நடலாகாது. எஸ்-லீக்கின் வரலாற்றிலோ பெயர்த்தல் அடிக்கடி நிகழ்ந்தது. தியோங் பாரு யுனைடெட் 1998இல் தஞ்சோங் பகார் யுனைடெட் ஆயிற்று. காவல்துறைக் கழகம் 1997இல் ஹோம் யுனைடெட் எனவும் 2020இல் லயன் சிட்டி சேலர்ஸ் எனவும் பெயர் மாறிற்று. மரின் காசல் யுனைடெட் என 1998இல் களமிறங்கிய கழகம், செங்காங் மரின், செங்காங் பொங்கோல் என்னும் பெயர்களைக் கடந்து 2011இல் ஹவ்காங் யுனைடெட் என நிலைத்தது. ஒரே கழகத்தின் மீது பதினைந்தாண்டுகள் அன்பு வைத்த ஒருவர் நான்கு பெயர்களைக் கூவியிருக்க நேர்ந்தது. இத்துணை மாற்றத்திற்கிடையிலும் முரசொலித்துப் பாடும் சிறு கூட்டமொன்று ஹவ்காங்கைக் கைவிடாதது வியப்பிற்குரியது.

கூட்டம் குறையக் கண்ட நிருவாகத்தார் வெளிநாட்டுக் கழகங்களை லீக்கிற் சேர்த்தனர். 2003இல் சீனாவைச் சார்ந்த சிஞ்சி அணியும், 2004இல் ஜப்பானின் அல்பிரெக்ஸ் நீகாட்டாவின் கிளையணியும், 2006இல் ஆப்பிரிக்க ஆட்டக்காரரைக் கொண்ட ஸ்போர்ட்டிங் ஆஃப்ரிக் அணியும் வந்தன. அவற்றுட் சில ஓரிரு ஆண்டுகளில் மறைந்தன. 2010இல் பிரெஞ்சு ஆட்டக்காரரைக் கொண்ட எத்துவால் அணி வந்த முதலாண்டிலேயே வாகை சூடிற்று. 2015இல் புருணையின் டி.பி.எம்.எம். அணி வென்றது. அல்பிரெக்ஸ் அணி 2016 முதல் 2023 வரையிலான காலத்தில் ஆறு முறை வென்றது. ஆட்டத்தரம் உயர இவ்வணிகள் துணைபுரிந்தன என்பது உண்மையே. எனினும், தம் நாட்டு லீக்கின் வாகையை விருந்தினர் எடுத்துச் செல்வதைக் காண எத்துணைப் பேர் சீட்டு வாங்கி வருவர் என்னும் வினாவுக்கு வெறுமையான இருக்கைகளே விடை கூறின.

2014ஆம் ஆண்டின் இறுதியில் நிகழ்ந்தவை ஆதரவாளரின் பொறுமையை மேலும் சோதித்தன. அடுத்த பருவத்திற்குக் கழகங்களின் எண்ணிக்கை பன்னிரண்டினின்றும் பத்தாகக் குறைக்கப்பட்டது. தஞ்சோங் பகார் விலகிற்று. உட்லண்ட்ஸ் வெலிங்டன் கழகம் ஹவ்காங்குடன் இணைக்கப்பட்டு, 1996 முதல் களத்தில் இருந்த அதன் பெயரே மறைந்தது. இதனோடு, முப்பது வயதைத் தொட்ட ஆட்டக்காரர் எத்தனை பேர் ஒரு கழகத்தில் இருக்கலாம் என்பதற்கு வரம்பு கட்டும் விதியும் அறிவிக்கப்பட்டது. உழைத்துப் பிழைக்கும் ஆட்டக்காரர் பலருடைய வேலைக்கே ஊறு நேரும் என்று எதிர்ப்பு எழுந்ததும், சில வாரங்களிலேயே அவ்விதி திரும்பப் பெறப்பட்டது. திரும்பப் பெற்றது நன்றே. எண்ணித் துணியாமல், துணிந்தபின் எண்ணும் போக்கினால் விளையும் இழப்பு என்னவென்பதை இந்நிகழ்ச்சி தெளிவாகக் காட்டிற்று. அடுத்து வரும் எந்த அறிவிப்பையும் ஐயத்தோடு நோக்கும் மனப்பான்மை ஆதரவாளரிடையே வேரூன்றிவிட்டது.

இலக்கும் எட்டிய கிளைகளும்

நிருவாகத்தாரின் முயற்சிகள் யாவும் வீண் என்று கூறுதல் நேர்மையாகாது. 1998ஆம் ஆண்டு அந்நாள் பிரதமர் கோ சோக் டோங், 2010 உலகக் கிண்ணப் போட்டிக்குச் சிங்கப்பூர் தகுதிபெறவேண்டும் என்னும் இலக்கை முன்வைத்தார். அதே ஆண்டில் ஹனோய் நகரில் நடைபெற்ற தென்கிழக்காசிய வாகையர் போட்டியின் இறுதியாட்டத்தில் ஆர். சசிகுமாரின் தோளிற் பட்டுச் சென்ற பந்து, வியட்நாமை 1–0 என வீழ்த்திற்று. சிங்கப்பூர் அப்போட்டியில் அதற்கு முன் வென்றதில்லை. பின்னர் ராடோயிக்கோ அவ்ராமோவிச் பயிற்றுநராக இருந்தபோது 2004, 2007, 2012 ஆகிய ஆண்டுகளிலும் அவ்வெற்றி தொடர்ந்தது.

உலகக் கிண்ண இலக்கோ 2008ஆம் ஆண்டே தகுதிச் சுற்றின் நடுவில் முடிவுற்றது. உயர்ந்த இலக்கு வைத்தல் குற்றமன்று. மாணவர்க்கு ஆசிரியர் கூறும் அறிவுரையும் அதுவே. ஆயின், தேர்வு நாளை மட்டும் குறித்துக்கொடுத்து நாள்தோறும் பயில வேண்டிய பாடத்தை ஒழுங்குபடுத்தாத பள்ளியில் எந்த மாணவனும் தேறுவதரிது. இளையோர் பயிற்சி, திடல் வசதி, பள்ளிக் காற்பந்து, லீக்கின் நிலைபேறு ஆகியவை ஒன்றோடொன்று இணைந்து வளராதவரை, பன்னிரண்டாண்டு இலக்கும் ஒரு முழக்கத் தொடராகவே நின்றுவிடும்.

மீண்டும் ஒரு முறை

2012ஆம் ஆண்டு காலச்சக்கரம் திரும்பிற்று. இரு நாட்டுச் சங்கங்களும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, ‘லயன்ஸ் பன்னிரண்டு’ என்னும் சிங்கப்பூர் அணி மலேசியப் போட்டிகளில் சேர்ந்தது. மலேசியாவின் இளைய அணி எஸ்-லீக்கில் ஆடிற்று. பன்னிரண்டாமவர் என்று அப்பெயர் சுட்டியது ஆதரவாளரையே. பதினேழு ஆண்டுகளாக அடங்கியிருந்த ஆர்வம் ஜாலான் புசார் திடலில் மீண்டும் பொங்கிற்று. 2013இல் அவ்வணி மலேசியாவின் சூப்பர் லீக்கை வென்றது. 2015 மே திங்களில் கிளந்தானை 3–1 என வீழ்த்தி அந்நாட்டுச் சங்கக் கிண்ணத்தையும் வென்றது. அவ்வாண்டு நவம்பரில் உடன்பாட்டைப் புதுப்பிக்க மலேசியச் சங்கம் மறுத்தது. அணி கலைக்கப்பட்டது.

1995இல் விலகல் முடிவு சிங்கப்பூர்த் தரப்பினுடையது; 2015இல் மறுப்பு மலேசியத் தரப்பினுடையது. முடிவெடுத்தவர் வேறாயினும் விளைவை ஏற்றவர் ஒருவரே. இரு முறையும் கிண்ணம் கையிலிருந்தபோதே அணி கலைந்தது. இரு முறையும் ஆதரவாளர் அதனைச் செய்தி வாயிலாகவே அறிந்தனர்.

யாருடைய அணி?

இவ்விடத்தில் அமைப்பு முறையைச் சற்று நோக்குதல் தகும். நெடுங்காலமாகச் சிங்கப்பூர்க் காற்பந்துச் சங்கத்தின் ஆட்சிக்குழுவினர் அமைச்சரால் நியமிக்கப்பட்டு வந்தனர். அவ்வாறு நியமிக்கப்பட்டோருள் ஆற்றல் மிக்கோர் பலர் இருந்தனர். நடேசன் கணேசன் போன்றோர் நல்ல எடுத்துக்காட்டு. எனினும் நியமனம் பெற்றோர் மேல்நோக்கி விடை சொல்லக் கடமைப்பட்டவர். கீழ்நோக்கி விடை சொல்வது அவர்தம் பெருந்தன்மையைப் பொறுத்ததாகவே அமையும். அரசின் தலையீடின்றிச் சங்கங்கள் இயங்கவேண்டும் என்னும் உலகக் காற்பந்துக் கூட்டமைப்பின் விதிக்கிணங்க, 2017 ஏப்ரல் 29ஆம் நாள் முதன்முறையாக அச்சங்கத்திற்குத் தேர்தல் நடைபெற்றது. உறுப்புக் கழகங்கள் வாக்களித்தன. இது வரவேற்கத்தக்க முன்னேற்றம். ஆயினும் கழகங்களுக்கு வாக்குண்டேயன்றி, அக்கழகங்களைத் தாங்கும் மக்களுக்கு வாக்கில்லை.

பிற நாடுகள் இச்சிக்கலை எவ்வாறு அணுகின என்பதும் அறியத்தக்கது. ஜெர்மனியில் 1998ஆம் ஆண்டு கழகங்கள் வணிக நிறுவனங்களாக மாற இசைவளித்தபோது, பாதிக்கு மேற்பட்ட வாக்குரிமை கழக உறுப்பினரிடமே இருத்தல் வேண்டும் என்று விதி வகுத்தனர். சில விலக்குகள் இருப்பினும், ஆதரவாளரே அங்கு உரிமையாளராவர். இங்கிலாந்தில் 2002ஆம் ஆண்டு, லண்டனின் விம்பிள்டன் கழகத்தை ஏறக்குறைய 90 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மில்டன் கீன்சுக்கு இடம்பெயர்க்க இசைவளிக்கப்பட்டது. ஊரைவிட்டுப் போகும் அணியைப் பின்தொடர மறுத்த ஆதரவாளர், அவ்வாண்டே தமக்கெனப் புதிய கழகம் ஒன்றை நிறுவி, லீக் படிநிலையின் அடித்தளத்தில் தொடங்கினர். ஒன்பதே ஆண்டுகளில், 2011இல், அக்கழகம் ஃபுட்பால் லீக்கிற்கு உயர்ந்தது. 2020இல் தம் பழைய வட்டாரமான பிளவ் லேனில் புதிய திடலையும் கட்டிக் குடிபுகுந்தது. நிருவாகம் போனாலும் அணி போகாது. ஆதரவாளர் போனாலோ எஞ்சுவது பெயர்ப்பலகையே என்பதை விம்பிள்டன் மக்கள் உலகுக்கு மெய்ப்பித்தனர்.

வரலாறு கற்பிக்கும் பாடம்

பழைய தேசிய அரங்கம் 2007இல் மூடப்பட்டது. அதே நிலத்தில் 2014இல் புதிய அரங்கம் எழுந்தது. எஸ்-லீக் 2018இல் சிங்கப்பூர் பிரிமியர் லீக் எனப் பெயர் மாறிற்று. ஏமாற்றங்கள் பல கண்ட பின்னும் தேசிய அணி களமிறங்கும் நாளில் செஞ்சட்டை அணிந்து வருவோர் இருந்துகொண்டே இருந்தனர். 2025 நவம்பரில் ஹாங்காங்குக்குச் சென்று 2–1 என வென்று, 2027 ஆசியக் கிண்ணப் போட்டிக்குச் சிங்கப்பூர் தகுதிபெற்றது. 1984இல் ஏற்று நடத்திய நாடு என்னும் முறையில் இடம்பெற்றதைத் தவிர, தகுதிச் சுற்றின் வழியாக அப்போட்டிக்கு அது சென்றதில்லை. 1977இல் காலாங்கில் ஹாங்காங்கிடம் தோற்ற அணியைக் கண்டு கண்ணீர் சிந்திய இளைஞர் பலர் இன்று பேரப்பிள்ளைகளைக் கண்டவர்கள். நாற்பத்தெட்டு ஆண்டுகள் காத்திருந்த அவர்தம் பொறுமையை எந்தக் கணக்கேடும் பதிவு செய்யவில்லை.

அணி ஒன்றின் வரலாற்றினின்றும் கற்கத்தக்கவை சில உள. பொது அமைப்பை நடத்துவோர் தவறே செய்யலாகாது என்று எவரும் எதிர்பார்ப்பதில்லை. ஐந்து இறுதியாட்டங்களில் தோற்ற அணியைத் தோளில் சுமந்த மக்கள், நேர்மையான தவற்றையும் மன்னிக்கும் பெருந்தன்மை உடையவரே. முடிவெடுக்குமுன் கேட்டல், முடிவெடுத்தபின் விளக்கல், பிழையெனக் கண்டவிடத்துத் திருத்தல் ஆகிய மூன்றையே அவர்கள் வேண்டுகின்றனர். இம்மூன்றும் இருந்த காலத்தில் முழக்கம் எழுந்தது. இல்லாத காலத்தில் இருக்கைகள் வெறுமையாயின.

குறைகூறும் ஆதரவாளரைப் பகைவராகக் கருதும் நிருவாகம் தன் நல்வினையை உணராதது. அணி எப்படிப் போனால் என்ன என்று நினைப்பவன் குறைகூறுவதில்லை. அவன் வீட்டிலேயே இருந்துவிடுவான். சங்கமாயினும் பள்ளியாயினும் இதழாயினும் அஞ்சத்தக்கது கூச்சலன்று, அமைதியே. வாயில் திறந்திருந்தும் எவரும் வாராத நாளே ஓர் அமைப்பின் உண்மையான தோல்வி நாளாகும்.